சிவப்புக் கண்ணாடி

பில்டர் என்று சொன்னால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் காப்பிதான் ஞாபகத்துக்கு வரும். சேலத்திலே பிறந்து, சேர்வராயன் மலைக் காப்பிக்கொட்டை வறுபடுகிற வாசனையிலே வளர்ந்தவனுக்கு வேறு எதுவும் ஞாபகம் வந்தால்தான் ஆச்சரியம். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அந்தப் பில்டரைப் பற்றியல்ல. காமிராவின் கண்ணுக்கு முன்னால் மாட்டுகிற வர்ணக் கண்ணாடிக்கும் பில்டர் என்றுதான் பெயர். இரண்டுக்கும் ஒரு பெரிய ஒற்றுமை உண்டு. இரண்டும் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. தடுத்து நிறுத்துவது ஒன்றே அவற்றின் தொழில். காப்பிப் பில்டர் சக்கையை நிறுத்திக்கொண்டு டிகாக்ஷனை விடுகிறது. சிவப்புக் கண்ணாடி நீலத்தையும் பச்சையையும் நிறுத்திக்கொண்டு சிவப்பை மட்டும் விடுகிறது.

இந்தச் சின்ன உண்மையைப் புத்தகங்களிலே நான் எத்தனையோ தடவை படித்திருந்தேன். என்றாலும் அது எனக்கு உறைத்தது என் அத்தை கேட்ட ஒரு கேள்வியால்தான்.

எனக்குப் படம் பிடிக்கிற பைத்தியம் பிடித்தது முப்பது வயதை நெருங்குகிறபோது. கதை எழுதிக் கிடைத்த பணத்தில் பழைய இரட்டைக் கண் காமிரா ஒன்றை வாங்கினேன். அந்த மாதிரிக் காமிராவை இப்போதுள்ள பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பெட்டி மாதிரி இருக்கும். முன்பக்கம் மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். காமிராவை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு குனிந்து மேல் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நாம் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக; படம் பதிவது கீழ் லென்ஸ் வழியாக. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பிலிம் பெரும்பாலும் நம் ஊட்டித் தொழிற்சாலையில் செய்த ‘இந்து’ பிலிம்தான். கறுப்பு வெள்ளை.

நாமக்கல் கோட்டைக்குக் கீழே சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர்தான் எனக்குக் குரு. என்னுடைய முதல் சுருளைக் கழுவிப் பார்த்துவிட்டு, “கோட்டை இருக்கிறது, வானத்தைக் காணோமே!” என்றார். உண்மைதான். நாமக்கல் பாறைக்குப் பின்னால் பஞ்சு பஞ்சாக மேகம் நின்றதைக் கண்ணாரப் பார்த்துத்தான் எடுத்தேன். படத்திலோ வானம் வெறும் வெள்ளைக் காகிதமாக இருந்தது.

அவர் விளக்கம் சொன்னார். கறுப்பு வெள்ளை பிலிமுக்கு நீல நிறத்தின் மேல் ஒரு தனிப் பிரியம். நம் கண்ணுக்கு நீல வானம் வேறு, வெள்ளை மேகம் வேறு. பிலிமுக்கு இரண்டும் ஒன்றே; இரண்டுமே பளீரென்று பதிந்துவிடும். நீலத்தைக் கொஞ்சம் தடுத்தால்தான் வானம் சற்று மங்கி, மேகம் எழுந்து நிற்கும். அதற்கு மஞ்சள் கண்ணாடி. இன்னும் தடுக்க வேண்டுமானால் ஆரஞ்சு. முழுக்கத் தடுக்க வேண்டுமானால் சிவப்பு. இங்கிலாந்திலே ராட்டன் என்ற ஒருவர் நடத்திய கம்பெனி இந்தக் கண்ணாடிகளைச் செய்து பெயர் வாங்கியது. 1912-ல் கோடக் கம்பெனி அதை விலைக்கு வாங்கிக்கொண்ட பிறகும் அவர் பெயர் நிலைத்துவிட்டது. ராட்டன் 8 என்றால் மஞ்சள். 25 என்றால் சிவப்பு.

தடுக்கிறதற்கு ஒரு கூலியும் உண்டு. பாதி வெளிச்சத்தை மஞ்சள் தின்றுவிடும்; அதனால் வெளிச்சத்தை இரண்டு பங்காக்க வேண்டும். சிவப்புக்கு எட்டுப் பங்கு. எஃப் 16 வைக்கிற வெயிலிலே சிவப்பை மாட்டினால் எஃப் 5.6 வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். வெகு நாள் அதைப் பர்ஸில் வைத்திருந்தேன்.

பெரியவர் கொடுத்த எச்சரிக்கையும் ஒன்று உண்டு. “சிவப்பை மலைக்குப் போடு, கோயிலுக்குப் போடு. மனுஷாளுக்குப் போடாதே” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

1983-ல் நடந்தது இது. அப்போது நாமக்கல் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலுகா. தனி மாவட்டமானது 1997-ல்தான். முந்தின வருஷமும் மழை இல்லை. அந்த வருஷமும் வானம் பொய்த்துவிட்டது. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்திலே என் தாய்மாமனுக்கு நாலு ஏக்கர் தோட்டம். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மரவள்ளி காய்ந்து குச்சியாக நின்றது. மாமாவும் அத்தையும் சேர்ந்து நின்று ஒரு போட்டோ கூட எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணத்தின்போது போட்டோக்காரரைக் கூப்பிடுகிற வசதி அவர்களுக்கு இல்லை. “ஒரு தரம் வந்து எடுத்துக் குடுங்க மாப்ள” என்று மாமா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போனேன். ஆனால் போனது அவர்களுக்காக மட்டும் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து கிழக்கே பார்த்தால் கொல்லிமலை சுவர் மாதிரி நிற்கும். வெயில் காலத்தில் அந்த மலை நீலப் புகைக்குள்ளே பாதி மறைந்துவிடும். காற்றிலே சிதறுவது நீல ஒளிதான் அதிகம். அந்த நீலத்தைச் சிவப்புக் கண்ணாடி தடுத்துவிட்டால் புகை விலகி மலையின் மடிப்புகள் தெரியும். இந்த வித்தையைச் செய்து பார்க்கவேண்டும் என்ற ஆசைதான் என்னைப் பஸ் ஏற்றியது. பிற்பகல் மூன்று மணி. வெயில் என் முதுகுக்குப் பின்னால். மலைக்கு மேலே மெல்லிய வெண்மேகம், ஒரு துளிக்கும் உதவாத மேகம். கீழ் லென்ஸில் சிவப்புக் கண்ணாடியை மாட்டி, பதினொரு படம் எடுத்தேன். பன்னிரண்டாவது ஒன்று பாக்கி.

அப்போதுதான் அத்தை முகம் கழுவி, தலை வாரி, இருக்கிற சேலையிலே நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கிணற்று மேட்டிலே இருவரும் நின்றார்கள். அத்தைக்கு வெட்கம். மாமாவுக்கும் வெட்கம்தான், ஆனால் மீசையை முறுக்கி அதை மறைத்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் அத்தையின் குங்குமம் சிவப்பாக, அழகாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினேன்.

இதற்குள் உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். நான் பார்த்தது மேல் கண் வழியாக. படம் பதிந்தது கீழ் கண் வழியாக. கீழ் கண்ணில் சிவப்புக் கண்ணாடி அப்படியே இருந்தது. எஃப் 5.6-ம் மாறாமல் இருந்ததால் படம் கெட்டுப்போகவும் இல்லை. கெட்டுப்போயிருந்தால் தேவலை.

ஒரு வாரம் கழித்துப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவசரத்தில் சரியாகக் கவனிக்கவில்லை. மாமா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஏனுங்க மாப்ள, இந்த மழை எந்தூர்ல பேஞ்சுது?” என்றார்.

அவருக்குப் பின்னால் வானம் கன்னங்கரேலென்று இறங்கியிருந்தது. அதிலே மேகங்கள் திரண்டு நின்றன. இதோ அடுத்த நிமிஷம் கொட்டப்போகிறது என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது. செம்மண் காடோ சுண்ணாம்புக் கரடு மாதிரி வெளுத்திருந்தது. இரண்டு வருஷமாக வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போன மனிதரிடம், பொய்யான மழை ஒன்றை நான் காகிதத்தில் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பை எழுத எனக்கு இன்றுவரை வார்த்தை அகப்படவில்லை.

அத்தை படத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

“ஏங்கண்ணு, என்ற பொட்டு எங்க போச்சு?”

படத்தில் அத்தையின் நெற்றி வெறிச்சென்றிருந்தது. துடைத்து வைத்தாற்போல் இருந்தது. குங்குமத்தின் சிவப்பைச் சிவப்புக் கண்ணாடி முழுசாக உள்ளே விட்டுவிட்டது. நெற்றியின் தோலும் அதே அளவுக்கு வெளுத்துவிட்டது. வெள்ளையோடு வெள்ளையாகப் பொட்டு கரைந்துபோயிற்று. புருஷன் பக்கத்தில் நிற்க, பொட்டில்லாமல் ஒரு பெண். நம் நாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“அத்தை, அது கண்ணாடி செஞ்ச வேலை” என்று ஆரம்பித்தேன். ராட்டனையும் கோடக்கையும் அத்தைக்கு எப்படி விளக்குவது? அவள் கேட்டுக்கொண்டு நிற்கவும் இல்லை. உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள். சுட்டு விரலைத் தண்ணீரில் தொட்டு, குங்குமத்தில் தொட்டு, படத்தில் இருந்த தன் நெற்றியிலே அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். “இப்பச் சரியாப் போச்சு” என்றாள். மறு வாரம் அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

ஸ்டூடியோப் பெரியவரிடம் போய் முறையிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நீ செய்தது சினிமாக்காரர்கள் வேண்டுமென்றே செய்கிற காரியம். பட்டப்பகலை ராத்திரியாக்கி விட்டாய்!” என்றார்.

சேலத்துக்காரனான எனக்கு அது தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஏற்காடு மலை அடிவாரத்தில் டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் எங்கள் ஊர்ப் பெருமை. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே பிறந்தன. இன்று அதன் முகப்பு வளைவு மட்டும் அந்தச் சாலையோரத்தில் நிற்கிறது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் உலகத்துச் சினிமாக்காரர்கள் எல்லோருக்கும் கைவந்த தந்திரம் இது. பகல் வெயிலில் சிவப்புக் கண்ணாடியை மாட்டி, வெளிச்சத்தையும் குறைத்து எடுத்தால் வானம் இருண்டு நிலாக்கால இரவு கிடைத்துவிடும். ஆனால் அவர்கள் விஷயம் அறிந்தவர்கள். சிவப்பு உதட்டுச் சாயம் வெளுத்துவிடும் என்று தெரிந்து வேறு வர்ணம் பூசுவார்கள். வர்ணப் படம் வந்ததும் இந்தத் தந்திரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. சிவப்பை மாட்டினால் எல்லாமே சிவப்பாகத்தான் விழும். தமிழில் முழுநீள வர்ணப் படமாக ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்ததும் அதே மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்துதான், 1956-ல்.

இன்னொரு வேடிக்கையும் பெரியவர் காட்டினார். அவருடைய தகப்பனார் காலத்துப் படம் ஒன்று. அதிலே ஒரு பாட்டியின் குங்குமம் தார் பூசியது போல் கறுப்பாக இருந்தது. அந்தக் காலத்துத் தகடுகளுக்குச் சிவப்பு என்கிற நிறமே தெரியாது. சிவப்பு அவற்றுக்குக் கறுப்பு. ஆக, ஒரே குங்குமத்தை ஒரு காமிரா கறுப்பாக்கும், இன்னொன்று அடியோடு அழிக்கும். படம் பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் குங்குமத்தை நினைத்துக்கொள்கிறேன்.

பொய் என்று முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அமெரிக்காவில் ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற படக் கலைஞர் 1927-ல் யோஸமிட்டி மலையிலே ஒரு பெரும் பாறையை எடுக்கப் போனார். கையில் இருந்தவை இரண்டே தகடு. ஒன்றை மஞ்சள் கண்ணாடி போட்டு எடுத்தார். எடுத்த கையோடு, தன் மனசில் அந்தப் பாறை எழுப்பிய பிரமிப்பு இதில் வராது என்று அவருக்குப் பட்டது. மிச்சமிருந்த ஒன்றே ஒன்றுக்கு அடர்ந்த சிவப்பை மாட்டினார். வானம் கறுத்தது, பாறை ஓங்கி நின்றது. அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. அவரும் சிவப்புத்தான் மாட்டினார், நானும் சிவப்புத்தான் மாட்டினேன். அவர் எதைத் தடுக்கிறோம் என்று அறிந்து மாட்டினார். நான் மாட்டியதையே மறந்துபோனேன். மலையைப் பார்த்த கண்ணாடியாலேயே அத்தையையும் பார்த்துவிட்டேன்.

கதை எழுதுகிறபோதும் இந்தப் பயம் எனக்கு உண்டு. வறுமையைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊருக்குள் போவேன். வறுமை நன்றாகத்தான் விழும். அந்த வீட்டுப் பெண்பிள்ளை நெற்றியில் எவ்வளவு ஆசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள் என்பது விழாது. எழுதி முடித்து அச்சான பிறகு யாராவது ஒருவர் கேட்கிறபோதுதான் தெரியும்.

இப்போது காலம் மாறிவிட்டது. மாமா 1990களில் காலமாகிவிட்டார். அத்தையும் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவர்களுடைய பேத்தி டிஜிட்டல் காமிரா வைத்திருக்கிறாள். முறைக்கு எனக்கு மருமகள். பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனாள்.

போகிற வழியெல்லாம் என்னுடைய பழைய பில்டர் டப்பாவைத் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். “இதுல பாதி இனி வேண்டியதில்லைங்க மாமா” என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். டிஜிட்டல் காமிராவின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சிறு பில்டர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கோடக் கம்பெனியில் வேலை பார்த்த பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மூன்று நிறமும் தனித்தனியே பதிவாகிவிடுவதால், எடுத்த பிறகு வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாக மஞ்சளோ சிவப்போ போட்டுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் கழற்றியும் விடலாம். விளக்கு வெளிச்சத்தின் மஞ்சளைச் சரிசெய்ய நாங்கள் நீலக் கண்ணாடி தேடினோம். இவர்கள் ஒரு பட்டனைத் திருகுகிறார்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கண்ணாடிகூட இப்போது லென்ஸுக்குக் குடை பிடிக்கத்தான் உதவுகிறது.

ஆனால் பாதி இன்னும் வேண்டியிருக்கிறது. கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைப் பட்டுச் சேலை போல் வழிய விட வேண்டுமானால் வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற சாம்பல் கண்ணாடி வேண்டும். அப்போதுதான் பகலிலும் நீண்ட நேரம் லென்ஸைத் திறந்து வைக்கலாம். இன்னொன்று, கண்கூச்சத்தை எடுக்கிற போலரைசர். தண்ணீரிலும் கண்ணாடியிலும் சாய்வாகப் பட்டுத் திரும்புகிற ஒளி ஒரே தளத்தில் அசைகிறது; அந்தக் கண்ணாடியை வளையத்தில் வைத்துத் திருகினால் அந்த ஒளி நின்றுவிடும். மோகனூர்க் காவிரியில் கரையிலிருந்து பார்த்தால் வானம்தான் தெரியும். இதைத் திருகினால் அடி மணல் தெரியும். வராத வெளிச்சத்தைப் பிறகு எந்தக் கம்ப்யூட்டராலும் கொண்டுவர முடியாது.

பழைய வீட்டில் படத்தை இறக்கினோம். ஈரம் இறங்கிக் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் கிழிந்துவிடும். கண்ணாடியிலோ ஜன்னல் வெளிச்சம் பளபளத்தது. மாமாவின் மீசை மட்டும்தான் தெரிந்தது. பேத்தி சற்றுப் பக்கவாட்டில் நின்றுகொண்டு போலரைசரை மெல்லத் திருகினாள். காமிராவின் பின்பக்கத் திரையை என்னிடம் காட்டினாள். ஜன்னல் மங்கிற்று, பிறகு மறைந்தே போயிற்று. கிணற்று மேட்டிலே இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தை நெற்றியில் அவள் விரலால் வைத்த பொட்டு. பழுப்பேறி மங்கியிருந்தாலும் சிவப்புத்தான். அந்தப் படம் முழுவதிலும் நிறம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் சாய்வை நிமிர்த்திச் சரிசெய்தாள். “பழைய படமாச்சே, கறுப்பு வெள்ளையாவே மாத்திரட்டுங்களா மாமா?” என்று கேட்டுக்கொண்டே எதையோ நகர்த்தினாள். நிறங்கள் போயின. சிவப்பைக் கூட்டினாள். என் கண் முன்னாலேயே பொட்டு வெளுத்து, வெளுத்து, இல்லாமல் போயிற்று. நாற்பது வருஷத்துக்கு முந்தி கேட்ட குரல் என் காதில் மறுபடியும் கேட்டது.

“வேண்டாம் கண்ணு,” என்றேன். “நிறத்தோடவே இருக்கட்டும்.”

அவள் ஒன்றும் கேட்காமல் நகர்த்தினதைத் திருப்பி நகர்த்தினாள். பொட்டு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் இந்த வசதி இல்லை.

அந்தப் படம் இப்போது என் எழுது மேஜைக்கு எதிரே இருக்கிறது. மாமாவுக்குப் பின்னால் வானம் இன்னும் கறுத்துக்கொண்டுதான் நிற்கிறது. அந்த மழையை நான் வரவழைத்தேன். அது பெய்யவே இல்லை. பொட்டு மட்டும் அத்தை தானே வைத்துக்கொண்டது.